ஹாலில் பாடியது யார்?

பல் டாக்டர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே லொள்ளு ஆரம்பித்துவிட்டான்.

"பேய்க்குப் பாட்டு போடத் தெரியும், சரி. வைஃபை பாஸ்வேர்டு யார் மேடம் குடுத்திருப்பா?"

"உள்ள போய் விசாரிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் வாயை மூடிட்டு வா" என்றார் கொக்கி மேடம்.

கொக்கி மேடம் டெலிபோன் ஆபீசில் புகார்ப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தவர். சாதாரணமாக ஒரு கேள்வியைப் போடுவார். வருகிற பதிலின் நுனியைப் பிடித்து இழுத்து, அடியில் கிடப்பதை மேலே கொண்டுவந்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. லொள்ளுவுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் வாய் காலை ஒன்பதுக்குத் திறந்தால் மாலை வரை மூடாது. மாலைக்குப் பிறகு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில், ஒற்றைத் தட்டு. அங்கே பேச ஆளில்லை. அதனால் நாளுக்கு உண்டான பேச்சையெல்லாம் ஆபீசிலேயே பேசித் தீர்த்துவிடுவான். இது மேடத்துக்குத் தெரியாது என்பது அவன் நினைப்பு.

வீட்டின் முன்பகுதி கிளினிக். பின்னால் ஹால், சமையலறை. மேலே மாடி. பல் டாக்டர் நாற்பதைத் தொட்ட பெண்மணி. வெள்ளைக் கோட்டு, மாஸ்க் அழுத்திய தடம், சரியாகத் தூங்காத கண்கள். உட்காராமலேயே பேசினார்.

"எங்க அப்பாவைக் காணோம். முந்தாநாள் காலையிலேர்ந்து. ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். பெரியவர்தானே, கோவம் ஆறினா வந்துடுவார்ங்கறாங்க."

"என்ன கோவம்?"

"அதுக்கு முந்தின நாள் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். ரிடையர் ஆன ஒலிப்பதிவாளர் அவர். மாடியில ஒரு பாட்டு ரூம் கட்டி வெச்சிருக்கார். கிளினிக்குக்குப் புது எக்ஸ்ரே மெஷின் வாங்கியிருக்கேன், அந்த ரூம் வேணும்னு கேட்டேன். 'நான்தானே இடைஞ்சல், போயிடறேன்'னு சொன்னார். காலையில பார்த்தா செருப்பைக் காணோம். அவரோட தோள்பை, அதையும் காணோம். போனை மட்டும் சாப்பாட்டு மேஜை மேல வெச்சிருக்கார். கூப்பிடாதேன்னு அர்த்தம்."

"அவர் கிளம்பினதை யாராவது பார்த்தாங்களா?"

"நான் பேஷன்ட் பார்த்துட்டு இருந்தேன்." டாக்டர் குரல் இறங்கியது. "இந்த வீட்டுல யார் வந்தா, யார் போனான்னு பார்க்கறதுக்கு அம்மா ஒருத்திதான் இருந்தா. அவ போய் ஒரு வருஷம் தாண்டிடுச்சு."

லொள்ளுவுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டான்.

"இப்ப அந்தப் பாட்டைச் சொல்லுங்க" என்றார் மேடம்.

ஹால் அலமாரியில், புத்தகம் கனத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. பச்சை விளக்கு ஒன்று அதில் மினுக்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த இசைத்தட்டு, கேசட், அவரே வீட்டில் பதிவு செய்த மனைவியின் பாட்டு, எல்லாம் அந்தப் பெட்டிக்குள். வீட்டு வைஃபையில் இருக்கிற எந்தப் போனிலிருந்தும் அதைத் திறந்து பார்க்கலாம். பாடியவர் வாரியாக, ராகம் வாரியாக, வருஷம் வாரியாகப் புரட்டிக்கொண்டே போகலாம். பிடித்ததைத் தொட்டு, ஹாலிலா, சமையலறையிலா, கிளினிக்கிலா என்று ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுக்கலாம்.

"முந்தாநாள் மத்தியானம் ஹால் ஸ்பீக்கர் தானா அலற ஆரம்பிச்சுது. எங்க அம்மா பாட்டு. ப்ளக்கைப் பிடுங்கிட்டேன். நேத்து சமையல்கட்டுல கேட்டுது. அதையும் பிடுங்கினேன். இன்னிக்கு ஒருத்தருக்குப் பல்லுல டிரில் வெச்சிருக்கேன், கிளினிக் ஸ்பீக்கர்ல அம்மா பாடறா. டிரில்லை எடுத்துக் கீழ வெச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

"வெளிநாட்டுல உக்காந்துட்டு எவனோ வீட்டு வைஃபைக்குள்ள பூந்துட்டான் மேடம்" என்றான் லொள்ளு. "பாவம், பழைய பாட்டு ரசிகன்."

"தெருவுல குழி தோண்டறவங்க கேபிளை வெட்டிட்டாங்க" என்றார் டாக்டர். "இந்த வாரம் முழுக்க இன்டர்நெட்டே கிடையாது."

மேடத்தின் புருவம் லேசாக உயர்ந்தது. லொள்ளுவுக்கு அந்தப் புருவம் நன்றாகத் தெரியும். தூண்டிலில் ஏதோ பட்டுவிட்டது.

"இன்டர்நெட் இல்லாம பாட்டு எப்படி?"

"பாட்டெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு. வீட்டுக்குள்ள வைஃபை ஓடிட்டுதான் இருக்கு. வெளியுலகத்துக்குப் போற வழிதான் அடைச்சிருக்கு."

"அப்படின்னா பாட்டு போடற ஆளும் வெளியுலகத்துல இல்ல" என்றார் மேடம். "இந்த வைஃபை எட்டற தூரத்துலதான் இருக்கணும்."

டாக்டர் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். தன் வீட்டுச் சுவர்களையே அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போல.

மாடியைப் போய்ப் பார்த்தார்கள். பெரியவரின் படுக்கையறை. மடித்த போர்வை, கண்ணாடிக் கூடு, சுவரில் மனைவி படம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்த லொள்ளு தும்மிக்கொண்டே எழுந்தான். பின்பக்கம் ஒரு பால்கனி. அதன் சுவரில் வைஃபையை இழுத்து நீட்டித் தரும் சின்ன வெள்ளைக் கருவி. நடைபாதைக் கோடியில் ஆள் உயர மரப்பெட்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"இதுக்குள்ள யாரு?" என்றான் லொள்ளு.

"எக்ஸ்ரே மெஷின். பின்னால அப்பாவோட பாட்டு ரூம். பார்த்தீங்கல்ல, பெட்டி அடைச்சிட்டு நிக்குது. எலி கூட உள்ள போக முடியாது."

மேடம் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். பிடுங்கிய ஹால் ஸ்பீக்கரின் ப்ளக்கைத் தன் கையாலேயே மாட்டினார்.

"வேண்டாங்க" என்றார் டாக்டர்.

"பாடட்டும். யாரோ ஏதோ சொல்ல வராங்க. நீங்க வாயைப் பொத்திட்டே இருந்தா எப்படிக் கேக்கறது?"

மூவரும் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நீண்டது. லொள்ளு வாயைத் திறக்கும் நேரத்தில் ஸ்பீக்கர் வெடித்தது.

பெண் குரல். தாலாட்டு மாதிரியும் இருந்தது, கூப்பிடுகிற மாதிரியும் இருந்தது. சுருதிப்பெட்டிகூட இல்லாத வெறும் குரல். சத்தம் மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிரும் அளவுக்கு. முதல் வரி முடிந்ததும் நின்றது. மறுபடி முதலிலிருந்து. நின்றது. மறுபடியும்.

டாக்டர் ஸ்பீக்கர் பக்கம் எழுந்தார். மேடம் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என்ன பாட்டு இது?"

"அம்மாவே கட்டின பாட்டு. சின்னப்புள்ளையில நான் கீழ விளையாடிட்டு இருப்பேன். தலை பின்னிவிட மாடியிலேர்ந்து இதைப் பாடித்தான் என்னைக் கூப்பிடுவா." டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "இதைக் கேக்கற தெம்பு எனக்கு இல்லைங்க."

அந்தப் பாட்டு பாதியில் அறுந்தது. அடுத்து வந்தது வேறு. மெல்லிய புல்லாங்குழல். சத்தம் குறைவு, நிதானம். யார் வாயையும் அடைக்காத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான இசை. முழுசாக ஓடி முடிந்தது. பிறகு அமைதி. அந்த அமைதியிலும் யாரோ காத்திருப்பது போல இருந்தது. உடனே மறுபடி பழைய அலறல், ஒரே வரி, திரும்பத் திரும்ப.

டாக்டரின் போன் திரையில் இரண்டு பாட்டுகளின் பெயரும் மாறி மாறி வந்தன. எந்தப் பாட்டு என்று காட்டும். யார் கை என்று காட்டாது.

"மேடம், பேய்க்கு மூடு மாறிட்டே இருக்கு" என்றான் லொள்ளு.

"மூடு இல்லடா. கை. இது ரெண்டு பேரோட கை. ஒருத்தர் கதவை இடிக்கற மாதிரி போடறார். இன்னொருத்தர் கதவைத் தட்டிட்டு நிக்கற மாதிரி போடறார். ஒரே ஆளா இருந்தா ஒரே பழக்கம்தான் இருக்கும்." மேடம் நிமிர்ந்தார். "மேல போய் அந்த வெள்ளைக் கருவியை அணைச்சிட்டு வா."

லொள்ளு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். சுவிட்சைத் தட்டினான். கீழே பாட்டு சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அலறலும் வரவில்லை, புல்லாங்குழலும் வரவில்லை. மறுபடி போடச் சொன்னார் மேடம். போட்டதும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

"ரெண்டு பேருமே மாடியோட பின்பக்கம். மேலேர்ந்து எட்டிப் பாரு, என்ன தெரியுது?"

பால்கனியில் நின்ற லொள்ளுவுக்குத் தெரிந்தது பின்வீட்டு ஜன்னல். தையல் மெஷின், தொங்கும் ஜாக்கெட் துணிகள். நடுவில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் போனை இந்த வீட்டுப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், வைஃபைக்கு வழி காட்டுகிறவர் மாதிரி. லொள்ளுவைக் கண்டதும் போனை முந்தானைக்குள் மறைத்தார்.

"மேடம்! புல்லாங்குழல் மாட்டிக்கிச்சு!"

தையல்காரம்மா கதவைத் திறக்கும்போதே முகம் வெளுத்திருந்தார். உள்ளே ஒரே அறை. ஒரே நாற்காலி, அதிலும் துணி. உட்காரச் சொல்ல இடமில்லாமல் அவர் தவித்ததைப் பார்த்ததும் லொள்ளுவுக்குத் தன் அறை ஞாபகம் வந்தது.

"நான் எதையும் திருடலைங்க. சார்தான் பாஸ்வேர்டு குடுத்தார். அவர் சம்சாரம் போன புதுசுல இந்த ஜன்னல் வழியா அவங்க வீட்டுப் பாட்டு கேக்கும். ஒரு நாள், கொஞ்சம் சத்தமா வைங்கன்னு கேட்டேன். நீங்களே போட்டுக்குங்கன்னு போன்ல எல்லாம் செஞ்சு குடுத்தார்."

"தினமும் போடுவீங்களா?"

"விளக்கு வைக்கற நேரத்துல ஒண்ணே ஒண்ணு. அவங்க ஹால் ஸ்பீக்கர்ல. அவர் பதிலுக்கு ஒண்ணு போடுவார். அவ்வளவுதான். நாங்க நின்னு பேசினது கூட இல்லைங்க. நான் போடறதை வெச்சு எனக்குத் தலைவலின்னு கண்டுபிடிச்சிடுவார். அவர் போடறதை வெச்சு, இன்னிக்கு அவர்கிட்ட யாருமே பேசலன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

வாசலில் நின்ற பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் முந்தாநாளே வீட்டை விட்டுப் போயிட்டாராம்மா" என்றார் மேடம் மெதுவாக. "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

தையல்காரம்மா விழித்தார்.

"போயிட்டாரா? எங்க? நேத்துகூட எனக்குப் பதில் போட்டாரே!"

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"முந்தாநாள் சாயங்காலமே ஹால் ஸ்பீக்கர் பேர் காட்டல. நேத்தும் காட்டல. சரின்னு சமையல்கட்டுல போட்டேன். உடனே பதில் வந்துச்சு. ஆனா வழக்கம்போல இல்ல. ஒரே பாட்டு, காது கிழியற மாதிரி, திரும்பத் திரும்ப. அப்புறம் டக்குனு நின்னுடுச்சு. அவருக்கு உடம்புக்கு ஏதோன்னு பயந்து இன்னிக்குக் காலையில முன்வாசல் பக்கம் வந்தேன். கிளினிக்ல பேர் எழுதற பொண்ணு, அப்பாயின்ட்மென்ட் இருக்கான்னு கேட்டுது. இல்லன்னு திரும்பிட்டேன்."

மேடம் ஒரு அடி முன்னால் வந்தார். "அவர் போன் மேஜை மேல கிடக்கு. பின்ன எதுலேர்ந்து போடறார்?"

"டேப்லட்லதாங்க. பழசு. பேட்டரி செத்துப் போச்சு, ஒயரைக் கழட்டினா அப்பவே அணைஞ்சுடும்னு சொல்லிட்டே இருப்பார். பாட்டு ரூம்ல சுவரோட சேர்த்து மாட்டியே வெச்சிருக்கார். அதை வெளிய எடுத்துட்டு வர முடியாதுங்க."

மேடம் டாக்டர் பக்கம் திரும்பினார். கேள்வி இந்த முறை மிகவும் சின்னது.

"அந்த மரப்பெட்டி எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள்... காலையில." டாக்டரின் கண் ஜன்னல் வழியே தன் வீட்டு மாடிக்குப் போனது. "நான் பேஷன்டோட இருந்தேன். மேல கொண்டுபோய்ப் பாட்டு ரூம் வாசல்ல வைங்கன்னு ஆளுங்ககிட்ட சொன்னேன்."

"பாட்டு ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"வெளிப்பக்கம்" என்று சொன்ன அந்தக் கணமே டாக்டர் ஓடத் தொடங்கியிருந்தார்.

பெரியவர் கிளம்பத்தான் நினைத்திருந்தார். பையை மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மனைவியின் ஒரிஜினல் கேசட்டை எடுக்கப் பாட்டு ரூமுக்குள் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கூலியாட்கள் பெட்டியைக் கொண்டுவந்து கதவோடு கதவாக வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே சத்தம் போகாது, வெளியே சத்தம் வராது. அப்படித்தான் அந்த அறையே கட்டப்பட்டிருந்தது.

பெட்டி அசைய மறுத்தது. லொள்ளு முதுகைக் கொடுத்தான், டாக்டர் தோளைக் கொடுத்தார். பின்னாலேயே ஓடிவந்த தையல்காரம்மாவும் சேர்ந்தார். போதவில்லை. கிளினிக்கில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த லாரி டிரைவரை மேடம் கையோடு இழுத்து வந்தார். ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவர் இன்னொரு கையால் ஒரு தள்ளு தள்ளினார். பெட்டி கிறீச்சிட்டு நகர்ந்தது.

கதவு திறந்தது.

பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள். சுவரோரம் ஒயரில் கட்டுண்டு ஒளிர்ந்துகொண்டிருந்த டேப்லட். அதன் கீழே தரையில் பெரியவர், பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டிருந்தார். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இசைத்தட்டுகளைக் கழுவுவதற்காக வைத்திருந்த குழாய்த் தண்ணீர்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

"அப்பா!" டாக்டர் மண்டியிட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். டாக்டராகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் மகளாக அழுதார். "கத்தியிருக்கக் கூடாதாப்பா?"

"கத்தினேம்மா." குரல் காற்றாக வந்தது. "வெளிய கேக்கவே கூடாதுன்னு பார்த்துப் பார்த்துக் கட்டினவன் நான்தானே."

தையல்காரம்மா சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து வாசலிலேயே நின்றார். லொள்ளு வாங்கிக் கொடுத்தான். இரண்டு வாய் குடித்த பிறகு பெரியவருக்குப் பேச்சு வந்தது.

"அம்மா பாட்டைப் போட்டா நீ மேல வருவேன்னு நெனச்சேன்."

"நான் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்பா. ரெண்டு தடவை பிடுங்கினேன்."

"தெரியும். திரையில ஹால்னு இருந்தது அப்படியே காணாமப் போச்சு. மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், தானா போகலையே, யாரோ பிடுங்கியிருக்காங்களே. வீட்டுல ஆள் இருக்கு. கீழ என் பொண்ணு நடமாடிட்டு இருக்கா." பெரியவர் மகள் கையைத் தேடிப் பிடித்தார். "அதை நெனச்சுட்டே படுத்துக் கிடந்தேன்."

லாரி டிரைவர் வீங்கிய கன்னத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் படியிறங்கும்போது பெரியவர் தையல்காரம்மாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பழக்கமில்லை. கடைசியில் டாக்டர்தான் தையல்காரம்மாவிடம், "நீங்களும் ஏறிக்குங்க. ஒரு ஆள்தான் கூட வரலாம்னாங்க, நான் கார்ல பின்னாலயே வரேன்" என்றார்.

மேடத்தின் பழைய காரில் திரும்பும்போது லொள்ளு ஒன்றும் பேசவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியும் பேசவில்லை.

"என்னடா, நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"இல்ல மேடம். நான் ஒரு நாள் ஆபீசுக்கு வரலைன்னு வைங்க..."

"நிம்மதியா வேலை பார்ப்பேன்."

அவன் சிரித்தான். அவரும் சிரித்தார். தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மாடி ஏறி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டான். கட்டில் காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது. தண்ணீர் குடித்தான். பேசுவதற்கு நிறைய இருந்தது, கேட்க ஆளில்லை. சட்டையைக் கழற்றப் போனபோது போன் அடித்தது. மேடம். ஆபீஸ் நேரம் போக அவர் கூப்பிட்டதே கிடையாது.

"சொல்லுங்க மேடம். கேஸ் ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. உன் ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

லொள்ளு திரும்பிப் பார்த்தான். "உள்பக்கம்தான் மேடம்."

"சரி."

அதற்குப் பிறகு அவர் போனை வைக்கவில்லை. எதுவும் பேசவும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி ஓடும் சத்தம். தட்டு ஒன்று மேஜையில் வைக்கப்படும் சத்தம். ஒற்றைத் தட்டு. அவர் வீட்டிலும் அவ்வளவுதான் என்பது லொள்ளுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேடம், ஒரு ஜோக் சொல்லட்டா?"

"நீளமா?"

"கொஞ்சம் நீளம்தான்."

"சரி, சொல்லு" என்றார் கொக்கி மேடம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை கேட்டது.